போன்சாய் மரங்களுக்குக் கம்பி கட்டும் முறை

திருவட்டாறு பகுதியில் கிணற்றுச் சுவரிலும் மதிலிடுக்கிலும் ஆல், அரசு கன்றுகள் பறவைகளின் எச்சத்தால் முளைத்து நிற்பதைக் காணலாம். சுவரைப் பிளக்கும் இக்கன்றுகளை வீணாக்காமல், வேர் அறாது எடுத்து ஆழமற்ற தொட்டியில் நட்டால் போன்சாய் மரங்களாக்கலாம்.

ஜப்பானில், 1923ஆம் ஆண்டு பூகம்பத்திற்குப் பின் டோக்கியோ தோட்டக்காரர்கள் ஒமியாவில் குடியேறிப் போன்சாய் கிராமம் அமைத்தனர். அங்கு பைன் மரம் குளிர்காலத்தில் வளர்ச்சி குன்றி நிற்கும். எனவே கம்பி பல மாதங்கள் இருந்தாலும் கேடில்லை. குமரி மாவட்டத்திலோ இரு பருவமழையும் உண்டு. ஆல் விரைவாகப் பருக்கும். அந்நாட்டுக் கால அளவு இங்கு பொருந்தாது.

கிளைத் தேர்வு: மரத்தை நாற்புறமும் பார்த்து முன்பக்கத்தை முடிவு செய்ய வேண்டும். அடிமரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரம் வரை கிளைகளை நீக்கிவிடலாம். ஒரே இடத்தில் பல கிளைகள் இருந்தால் ஒன்றை மட்டும் விடவும். வெட்டிய இடத்தில் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவும்.

கம்பி கட்டுதல்: கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிப்புள்ள அலுமினியக் கம்பி ஏற்றது. முனையை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தி, 45 டிகிரி சாய்வில் கிளை நெடுகச் சுற்ற வேண்டும். அதன் பின்னரே சிறிது சிறிதாக வளைக்கலாம். கட்டுவதற்கு முந்திய நாள் நீரைக் குறைத்தால் கிளை எளிதில் வளையும். காகிதப்பூவின் முற்றிய கிளை ஒடிந்துவிடும். இளங்கிளையிலேயே கட்டுவது நல்லது.

கழற்றுதல்: மழைக்காலத்தில் 4 முதல் 6 வாரங்களிலேயே கம்பி பட்டையில் பதியத் தொடங்கும். கவனியாது விட்டால் திருகு போன்ற தழும்பு ஆண்டுக்கணக்கில் மறையாது. பத்தாண்டு உழைப்பும் ஒரே மழையில் கெடும். வாரம் ஒருமுறை சோதித்து, பதியுமுன் கட்டிங் பிளையரால் துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். சுற்றை உரித்தால் கிளை ஒடியும். கிளை பழைய நிலைக்குத் திரும்பினால் வேறு தடத்தில் மீண்டும் கட்டலாம்.

ஊரில் ஆர்வமுள்ள நாலைந்து பேர் சங்கமாகக் கூடி, மாதம் ஒருமுறை ஒருவர் மரத்தை மற்றவர் பார்ப்பது மிக நன்று. தினமும் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பும் கம்பி, புதியவர் கண்ணில் படும். வெட்டிய கிளையை ஒட்டவைக்க இயலாதாகையால், வெட்டுமுன் நால்வரைக் கேட்பதும் நலமே.