டிரெய்லரைப் பின்னால் எடுக்க

மீன்சுருட்டி,
தை மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமன் எழுதுவது.

நாமக்கல்லில் டிரெய்லர் பழகுகிறாய் என்று அக்கா சொன்னாள். முன்னால் ஓட்ட வந்துவிட்டதாம், ரிவர்ஸ் எடுத்தால்தான் வண்டி மடங்கி நிற்கிறதாம். பத்துச் சக்கர லாரி ஓட்டிய கை உனக்கு. அந்தப் பழக்கம்தான் இப்போது குறுக்கே நிற்கிறது.

லாரியில் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பின்னால் வந்தால் வாலும் இடது பக்கம் போகும். டிரெய்லரில் அப்படியே தலைகீழ். நீ இடது ஒடித்தால் எஞ்சின் வண்டியின் பின்பக்கம் இடதே போய், டிரெய்லரின் மூக்கையும் அங்கே தள்ளும். அதன் வால் வலது பக்கம் திரும்பும். ஓட்டும்போது இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்டியரிங்கை அடிப்பக்கம் பிடி. வால் எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. நேராக வரும்போது எந்தக் கண்ணாடியில் டிரெய்லர் கூடுதலாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கமே கொஞ்சம் ஒடி. நேராகிவிடும்.

கொஞ்சம்தான், மாப்பிள்ளை. 40 அடி டிரெய்லர் உடனே திரும்பாது. திரும்பவில்லையே என்று மேலும் ஒடிப்பாய், அப்புறம் எல்லாம் சேர்ந்து வந்து மடங்கும். திருவாரூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறாய். கட்டையைக் கொடுத்துவிட்டுத் தேர் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துத்தான் அடுத்த கட்டையை எடுப்பார்கள். வால் திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடித்து, எஞ்சின் வண்டி டிரெய்லரின் போக்கிலேயே வரும்படி செய். அப்படியும் மடங்கினால் ரிவர்ஸிலேயே சரிசெய்யப் பார்க்காதே. முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி வா.

நீ உட்காருவது வலது பக்கம். வால் வலது போனால் தலையை நீட்டிப் பார்க்கலாம். இடது போனால் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டுதான் தெரியும், அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. இடம் இருந்தால் சுற்றி வந்தாவது வலது பக்கமாகவே நுழை.

எதுவானாலும் முதலில் இறங்கி ஒரு சுற்று நடந்து பார். நம்ம ஊர்க் கடைத்தெரு உனக்குத் தெரியும். தஞ்சாவூர் சாலையில் சிமென்ட் வண்டி, பஸ், சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வண்டி பின்னால் வருகிறது என்று பிள்ளை ஒதுங்கும் என நினைக்காதே. ரிவர்ஸ் என்றதும் டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாம் கை காட்டுவார்கள். நீ கிளீனர் ஒருவன் சொல்வதை மட்டும் கேள். அவன் உன் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். தெரியாமல் போன அந்த நொடியே பிரேக்கை மிதி. "வரலாம், வரலாம்" என்று குரல் கேட்டால் போதாது, ஆள் தெரிய வேண்டும். ஓனர் போனில் அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடு.

கிளீனர் பையன் ஆசைப்பட்டுக் கேட்டால், பெட்ரோல் பங்க் உள்ளேயானாலும் சாவி கொடுக்காதே. 20 வயது ஆகாதவன் சரக்கு வண்டி ஓட்டக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம். உன்னை நம்பி வீட்டை விட்டு வந்த பிள்ளை அவன்.

கரும்பு வெட்டு முடிவதற்குள் ஒரு வாரம் ஊருக்கு வா. டிராக்டரோடு ஒரு காலி இரண்டு சக்கர டிரெய்லர் கேட்டு வைக்கிறேன். நீளம் குறைவு என்பதால் அது வெடுக்கென்று மடங்கும். வெட்டி முடித்த வயலில் அதை நேராகப் பின்னால் கொண்டுவரப் பழகிவிட்டால், 40 அடி உனக்கு நிதானமான வண்டியாகத் தெரியும். முன் அச்சும் சேர்ந்து திரும்புகிற நாலு சக்கர டிரெய்லர் இரண்டு இடத்தில் ஒடியும், அதை இப்போது தொடாதே. வருகிற தேதியை அக்காவிடம் சொல்லி அனுப்பு, டிராக்டர்காரரிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் மாமன்