உடலிற் புகும் உலோக நஞ்சு

பொதிகை மலையிற் பிறந்து கிழக்கு நோக்கி ஓடிவரும் பொருநையாறு, புன்னைக்காயலில் கடலொடு கலப்பதற்குச் சற்று முன்னர் ஆத்தூரைத் தொட்டுச் செல்கின்றது. வெற்றிலைக் கொடிக்கால்களாற் பெயர்பெற்றது அவ்வூர். 2023-ஆம் ஆண்டில் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அருகில் பண்டை முத்துத் துறைமுகமாகிய கொற்கை. வடக்கே இன்றைய துறைமுகமாகிய தூத்துக்குடி. பொருநைக்குத் தாமிரபரணி என்றும் ஒரு பெயர் உண்டன்றோ? தாமிரம் என்பது செம்பு. பெயரிலேயே உலோகத்தைத் தாங்கிய ஆற்றின் கரையில் நின்று, நம் உடலுக்கும் உலோகங்களுக்கும் உள்ள உறவை ஆராய்வது பொருத்தமேயாம்.

உலோகம் என்றவுடன் நஞ்சு என அஞ்சுதல் வேண்டா. குருதிக்குச் செந்நிறம் தருவது இரும்பு. செம்பும் துத்தநாகமும் மிகச் சிறிய அளவில் உடலுக்கு இன்றியமையாதன. அளவு மிஞ்சினால் இவையும் தீங்கு செய்யும். ஆனால் காரீயம், பாதரசம், காட்மியம் ஆகியவற்றுக்கு நம் உடலில் எந்த வேலையும் இல்லை. அழையா விருந்தினராய்ப் புகுந்து, எளிதில் வெளியேறாமல் தங்கிவிடுபவை இவை. வெள்ளைப் பாஷாணத்துக்கு மூலமாகிய ஆர்சனிக்கையும் இவற்றோடு சேர்த்தெண்ணுவர். அது பூமியில் செம்புக் கனிமங்களோடு கலந்து கிடைப்பதுண்டு. தூத்துக்குடித் தாமிர உருக்காலையைப் பற்றி நெடுங்காலம் நடந்த வழக்குகளும், 2018 மே மாதத்துப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டிற்குப் பதின்மூவர் இரையானதும் நாடறிந்தவை. அவ்வாலை அம்மாதமே மூடப்பட்டது.

இங்கே ஒரு சொல்லை விளக்குதல் நலம். நம் வீடுகளில் இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசப்படுவதும் அதுவே. அதனால் கேடில்லை. நஞ்சாவது காரீயம். இரண்டிற்கும் ஈயம் என்றே பெயர் வழங்குவதால், விலை மலிவான காரீயம் கலந்த பொருளை வாங்கி ஏமாறுவோர் உண்டு. புளியும் எலுமிச்சையும் சேர்ந்த உணவு அதனைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். மீன்வலை ஆழ்ந்து நிற்பதற்காகக் கட்டும் குண்டுகளும் காரீயமே. 327 பாகை வெப்பத்தில் உருகுவதாதலால், விறகடுப்பிலேயே அதனை உருக்கி வார்த்துவிடலாம். அந்த எளிமையே ஆபத்து. உருக்கும் இடத்திற் படியும் நுண்தூசி, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குட் செல்லும்.

காரீயம் உடலை ஏமாற்றும் விதம் வியப்புக்குரியது. சுண்ணச் சத்தாகிய கால்சியத்தைப் போல் அது நடிக்கும். உடலும் அதனைக் கால்சியமெனக் கருதி எலும்பில் வைத்துப் பாதுகாக்கும். குருதியிலுள்ள காரீயம் ஏறத்தாழ ஒரு திங்களிற் பாதியாகக் குறையும்; எலும்பிற் புகுந்ததோ பல்லாண்டுகள் தங்கும். தாய் கருவுற்ற காலத்தில் எலும்பின் சுண்ணச்சத்து கரைந்து குழந்தைக்குச் செல்லுகையில், அவள் சிறுமியாயிருந்தபோது உண்ட காரீயமும் உடன் செல்லக்கூடும். வளரும் மூளையையே அது பெரிதும் தாக்குகின்றது. உணவில் இரும்பும் சுண்ணச்சத்தும் குறைந்த குழந்தையின் குடல், காரீயத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது. ஆகவே கேழ்வரகும் கீரையும் பாலும் இவ்வகையில் ஓரளவு காப்பாகும்.

பாதரசத்தின் கதை வேறு. அறையின் வெப்பத்திலேயே அது ஆவியாகும். அவ்வாவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அமெரிக்காவில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1980-களில் கொடைக்கானல் மலைக்குக் கொண்டுவரப்பெற்றது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் அதனை நடத்திற்று. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் அவ்வூரின் பழம்பொருட் கடை ஒன்றிற் குவிந்து கிடப்பதை மக்கள் வெளிப்படுத்தினர், ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. கழிவைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பலாம். நரம்பிற் புகுந்ததை அங்ஙனம் அனுப்ப இயலுமோ?

கடலிற் சேர்ந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள் இன்னும் கொடிய வடிவமாக மாற்றுகின்றன. சிறு மீன் அதனை உண்ணும். சிறு மீனைப் பெரு மீன் உண்ணும். படிதோறும் நஞ்சு செறியும். ஜப்பான் நாட்டு மினமாட்டா ஊரில் 1956-இல் வெளிப்பட்ட நோய்க்கு, மீன்களில் இவ்வாறு செறிந்த நஞ்சே காரணம். முதலிற் பூனைகள் ஆடி விழுந்து மடிந்தன. பின்னர் மீனவர் கைகால் நடுங்கிப் பேச்சிழந்தனர். நோய்க்குறி மிகுதியாகத் தோன்றாத தாய்மார்க்கும் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன. நம் கடற்கரையோரத்தார் இதற்காக மீனை வெறுக்க வேண்டுவதில்லை. சாளை, நெத்திலி முதலிய சிறு மீன்களில் பாதரசம் மிகக் குறைவு. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு ஆக்கித் தரும் வழக்கத்தில் மட்டும், நெடுநாள் வாழ்ந்த பெருஞ்சுறாவைத் தவிர்ப்பது அறிவுடைமை.

உட்புகுந்த உலோகத்தை வெளியேற்றும் வழி யாது? சிறுநீரகமும் ஈரலும் இயன்றவரை வெளியேற்றுகின்றன. மயிரிலும் நகத்திலும் சிறிது சென்று சேரும். இவை போதாதபோது மருத்துவர் ஒரு தனி முறையைக் கையாள்வர். அதற்குக் 'கொடுக்கிணைப்பு' என்பது பெயர். 1920-இல் ஆங்கில வேதியியலறிஞர் மார்கன், ட்ரூ என்போர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கினர். நண்டு தன் கொடுக்கின் இரு கிளைகளாலும் இரையைக் கவ்வுவதுபோல, மருந்தின் மூலக்கூறு உலோக அணுவை இரு பக்கமும் பற்றிச் சிறுநீர் வழியே கொண்டு செல்லும். கரையோரச் சிறுவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ!

இரண்டாம் உலகப்போரின்போது, ஆர்சனிக் கலந்த லூயிசைட் என்னும் நச்சுப்பொருளுக்கு மாற்று மருந்து தேடினார் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பீட்டர்ஸ். ஆர்சனிக் உடலிலுள்ள கந்தகத்தைப் பற்றிக் கொல்வதை அறிந்த அவரும் தோழரும், இரு கந்தகக் கைகளையுடைய மருந்தை ஆக்கினர். நஞ்சு உடலை விட்டு மருந்தைப் பற்றிற்று. ஈரலிலும் மூளையிலும் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு, வால்ஷ் என்னும் ஆங்கில மருத்துவர் 1956-இல் பெனிசிலமைன் என்ற மருந்தை அறிவித்தார். அதனைத் தாம் உண்டு பார்த்த பின்னரே நோயாளிக்குக் கொடுத்தார் அவர்.

எனினும் கொடுக்கு நண்பனையும் பகைவனையும் எப்போதும் பிரித்தறிவதில்லை. காரீய நஞ்சுக்கு ஈ.டி.டி.ஏ. என்ற மருந்தின் கால்சிய வகை பயன்படுகிறது. அதன் சோடிய வகையோ குருதியிலுள்ள கால்சியத்தையே பறித்துவிடும், இதயம் நின்றுவிடும். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் இத்தகைய சிகிச்சையை ஒட்டிக் கால்சியம் குன்றி மூவர் இறந்தனர். அவருள் இருவர் குழந்தைகள். ஆதலின் குருதியைச் சோதித்து நஞ்சின் அளவை அறியாமல் இம்மருந்தைத் தருதல் ஆகாது. காலை உப்புநீரில் வைத்து மின்சாரம் செலுத்தி நஞ்சகற்றுவதாகக் கூறும் கருவிகளும் சந்தையில் உள்ளன. நீர் செம்பழுப்பாவதைக் கண்டு மக்கள் மகிழ்வர். கால் வையாமலே கருவியை இயக்கினாலும் நீர் அவ்வாறே மாறும். அது மின்வாயின் துரு.

நல்ல மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. காரீயம் ஏறிய 780 சிறு குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2001-இல் வெளிவந்தது. சக்சிமர் என்னும் மருந்து குருதியிற் காரீயத்தைக் குறைத்தது. ஆயினும் அக்குழந்தைகளின் அறிவாற்றல் அதனால் உயரவில்லை. மூளையில் நேர்ந்த சிதைவை மருந்து மீட்கவில்லை. நஞ்சின் ஊற்றை அடைப்பதே பெரும்பயன் தந்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து காரீயம் நீக்கப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் அஃது இருத்தலாகாது என்ற விதி 2016-இல் பிறந்தது. வண்டிகளுக்குக் காரீயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடாகிய அல்ஜீரியா, 2021 ஜூலையில் அவ்விற்பனையை நிறுத்தியது.