மீன் சோர்ந்து கிடக்கிறதா? மருந்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்க!

மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே அது இன்றைய மீனா, நேற்றைய மீனா என்று சொல்லிவிடுவார்கள் ராயபுரம், காசிமேட்டுப் பக்கத்து மக்கள். ஆனால், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் கோல்டு பிஷ் ஒருநாள் மூலையில் ஒதுங்கி நின்றால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை, "அம்மா, மீனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கும். உடனே கடைக்குப் போய் நீல நிற மருந்து பாட்டில் ஒன்றை வாங்கி ஊற்றிவிடுவோம்.

கொஞ்சம் பொறுங்க. தொட்டி மீனுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தண்ணீரில்தான் தொடங்குகின்றன. அதைச் சரிசெய்யாமல் மருந்து ஊற்றினால் நோய் தீராது. சில நேரம் மீனே போய்விடும்.

தண்ணீர் எப்படி நோயாகிறது?

மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் தொட்டியில் அம்மோனியாவாக மாறுகின்றன. அது செவுளை அரிக்கும் நஞ்சு. பில்டர் பஞ்சிலும் கற்களிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகம் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வாங்கிய அன்றே பத்து மீனை விட்டால், மறுவாரம் ஒவ்வொன்றாகச் சாவது இதனால்தான்.

நானும் இந்த விஷயம் தெரியாமல் தப்புச் செய்திருக்கிறேன். தொட்டி கலங்கியிருக்கிறதே என்று மொத்தத் தண்ணீரையும் கொட்டி, பில்டர் பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை கசக்கி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். தொட்டி பளபளத்தது. அடுத்த சில நாட்களில் இரண்டு மாலி மீன்கள் செத்து மிதந்தன. நான் கழுவி எடுத்தது அழுக்கை மட்டுமல்ல, அந்த நல்ல பாக்டீரியாக்களையும்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

நம்ம ஏரியா தண்ணீர்

வடசென்னை வீடுகளுக்குத் தண்ணீர் பல வழிகளில் வருகிறது. குழாய், லாரித் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரின் கலந்திருக்கும். நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கும் பில்டர் பாக்டீரியாவுக்கும் ஆகாது. வாளியில் பிடித்து 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். கொசு முட்டையிடாமல் இருக்க மெல்லிய துணியால் மூடி வையுங்கள். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டு மருந்தை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் கலக்கலாம்.

எண்ணூர், திருவொற்றியூர் கடலோரத்தில் பல போர்களில் உப்புத் தண்ணீர்தான் வரும். மாலி, கப்பி போன்றவை அதை ஓரளவு தாங்கும். டெட்ரா, டிஸ்கஸ் தாங்காது. கேன் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. அதை மட்டுமே நிரப்புவதும் சரியல்ல. முக்கியமாக, நேற்று போர், இன்று கேன் என்று திடீரென மாற்றாதீர்கள்.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

1. தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் இரண்டு, மூன்று நாள் பட்டினியைத் தாங்கும்.

2. போனை எடுங்கள். பிளாஷ் இல்லாமல், பக்கவாட்டில் 30 விநாடி வீடியோ எடுங்கள். செவுள் வேகமாக அடிக்கிறதா, துடுப்பு கிழிந்திருக்கிறதா, புள்ளி தெரிகிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம். யாரிடம் ஆலோசனை கேட்டாலும் இந்த வீடியோ உதவும்.

3. எல்லா மீனுமா, ஒரே ஒரு மீனா? எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீர்மேல்தான் முதல் சந்தேகம். ஒன்று மட்டும் என்றால் காயமோ நோயோ இருக்கலாம்.

4. டெஸ்ட் கிட் இருந்தால் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

5. கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய் வைத்து அடியில் தேங்கிய கழிவோடு உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே சூட்டில் உள்ள குளோரின் இல்லாத தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள்.

6. ஏர் பம்பைக் கூட்டுங்கள். வெயில் காலத்தில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மின்தடையைச் சமாளிக்க பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருப்பது நல்லது.

வெள்ளைப் புள்ளி வந்தால்?

உடம்பில் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள், கல்லில் உரசிக்கொள்ளும் மீன்: இது இக்தியோப்திரியஸ் என்ற ஒட்டுண்ணியின் வேலை. புள்ளியாக மீன் உடம்பில் இருக்கும்போது அதை மருந்து தொடாது. முற்றியதும் அது கீழே விழுந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, மறுபடியும் மீனைத் தேடி நீந்தும். அந்த நேரத்தில்தான் மருந்து வேலை செய்யும். அதனால் ஒரு மீனைத் தனியே எடுத்தால் போதாது. தொட்டி முழுவதற்கும் சிகிச்சை தேவை. புள்ளி மறைந்த மறுநாளே நிறுத்தவும் கூடாது. மேலும் சில நாள் தொடருங்கள்.

எந்த மருந்துக்கும் தொட்டியின் அளவு தெரிய வேண்டும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 60 x 30 x 30 என்றால் 54 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடமும் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அயோடின் சேர்க்காத கல் உப்பை லிட்டருக்கு 1 கிராம் என்று தொடங்கினால் 45 கிராம். தனியே கரைத்து, சில மணி நேர இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கெளுத்தி வகை மீன்களும் செடிகளும் உப்பைத் தாங்காது. அந்தத் தொட்டிகளில் கேட்டுச் செய்யுங்கள்.

இதைச் செய்யாதீங்க

* வீட்டில் மிச்சமான ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தொட்டியில் போடாதீர்கள். பில்டர் பாக்டீரியா சாகும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உருவாகும்.
* கையில் காயம் இருந்தால் வெறும் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். சில மீன் நோய்க் கிருமிகள் மனிதருக்கும் தோல் நோய் தரும்.
* நோயாளி மீனையோ வேண்டாத மீனையோ பக்கிங்காம் கால்வாயிலோ, கொசஸ்தலை ஆற்றிலோ, ஏரியிலோ விடாதீர்கள். இப்படித் தொட்டியிலிருந்து போன டேங்க் கிளீனர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. இறந்த மீனைத் தாளில் சுற்றி மண்ணில் புதையுங்கள்.

யாரிடம் கேட்பது?

தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்தில் நீர்வாழ் உயிரின நலனுக்கான ஆய்வகமும், பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் உள்ளன. போகும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். செத்து நாளான மீன் பரிசோதனைக்கு உதவாது. நோயுற்ற மீனை உயிரோடு, அதே தொட்டித் தண்ணீரில், காற்று நிரப்பிய பையில் எடுத்துச் செல்லுங்கள். தொட்டித் தண்ணீரைத் தனியாக ஒரு சுத்தமான பாட்டிலிலும் எடுங்கள்.

கொளத்தூர் பக்கம்போல, தொட்டி கட்டி வண்ண மீன் உற்பத்தி செய்பவரா நீங்கள்? மத்திய மீன்வளத் துறை 2023 ஜூனில் தொடங்கிய 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' செயலியைப் போனில் வைத்திருங்கள். பண்ணையில் நோய் வந்தால், மாவட்ட மீன்வள அலுவலருக்கும் விஞ்ஞானிகளுக்கும் அதன் வழியே தெரிவிக்கலாம்.

குழாய்த் தண்ணீரே கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் அது மீன் பிரச்சினை மட்டுமல்ல, உங்கள் வீட்டுப் பிரச்சினை. சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. புதிதாக வாங்கும் மீனை இரண்டு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் சேருங்கள். குளோரின் போன தண்ணீர் ஒரு வாளி எப்போதும் வீட்டில் தயாராக இருக்கட்டும். மீன் மூலையில் ஒதுங்கும் அந்தக் காலையில் முதலில் கை போக வேண்டியது அந்த வாளிக்குத்தான்.