தண்ணீரில் பிரேக்

கேள்வி: ஜெட் ஸ்கீயில் பிரேக் இருக்கிறதாமே? அதற்கும் சாஃப்ட்வேர் அப்டேட் வருகிறதா?

பதில்: இருக்கிறது; அப்டேட்டும் வருகிறது. கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2009-இல் தன் சீ-டூ ஜெட் ஸ்கீ வண்டிகளில் ‘ஐபிஆர்’ பிரேக்கை அறிமுகப்படுத்தியது. இடது கைப்பிடியில் உள்ள லீவரை அழுத்தினால், கணினி முதலில் ஆக்ஸிலரேட்டரைச் செயலிழக்கச் செய்யும். பின்புறம் நீரைப் பீய்ச்சும் குழாயின் மேல் ஒரு மூடியை மோட்டார் இறக்கும். பிறகு கணினி எஞ்சின் வேகத்தைக் கூட்ட, அந்த மூடி நீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும். வண்டி வேகம் தணியும்.

இதில் லீவருக்கும் மூடிக்கும் நடுவே இருப்பது சாஃப்ட்வேர்தான். எனவே அப்டேட் என்பது திரையை அழகுபடுத்தும் வேலை அல்ல. மூடி எப்போது, எவ்வளவு இறங்க வேண்டும் என்பதையே அது மாற்றக்கூடும். பொதுவாக டீலரே தன் கணினியை வண்டியோடு இணைத்து இதைச் செய்வார்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கவனிக்க: இத்தகைய அப்டேட்டுக்கான திரும்ப அழைப்பு (ரீகால்) அறிவிப்பு முதல் உரிமையாளரின் முகவரிக்கே போயிருக்கலாம். வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்ணை டீலரிடம் கொடுத்து, பாக்கி வேலை உண்டா என்று கேளுங்கள். அமெரிக்காவில் எழுத்தும் இலக்கமும் கலந்த 12 குறிகளாக அது இருக்கும்.

எந்த அப்டேட்டும் மாற்றாத ஒன்று: எஞ்சின் நின்றால் இந்த பிரேக்கும் இல்லை. தவிர, பிரேக் பிடிக்கும்போது பின்னால் எழும் நீர்ப்பீச்சல், தொடர்ந்து வருபவரின் கண்ணை மறைக்கும். முன்னே செல்பவரை நெருக்கி ஓட்டாதீர்கள்.