ஒவ்வாமையும் மருந்தாகும்

மல்லாபூரின் காலி மனைகளில் மழை பெய்தவுடன் வெண்ணிறப் பூக்களோடு மண்டி நிற்கும் செடியை நீங்கள் அறிவீர்கள். தெலுங்குத் தோழர்கள் அதனை 'வய்யாரிபாமா' என்பர். தமிழ்நாட்டில் அதன் பெயர் பார்த்தீனியம். அதனை வெறுங்கையால் பிடுங்கினால் முதல் நாள் ஒன்றும் நேராமல் போகலாம். பலமுறை தொட்ட பின்னர் ஒருநாள் தோல் சிவந்து, தடித்து, தாங்க முடியாத அரிப்பு தோன்றும். சலவைத் தொழிலாளர் துணிகளில் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாறும் அத்தகையதே. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்க வீரர்கள் சிலருக்கு, துணியில் குறி இருந்த இடத்திலேயே புண் உண்டாயிற்று.

முதல் முறை ஏன் ஒன்றும் நேர்வதில்லை? நுண்ணிய வேதிப்பொருள் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் காவல் புரியும் அணுக்கள் அதனை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று, 'டி' அணுக்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. இப்பயிற்சிக்கு ஓரிரு வாரங்கள் ஆகும். அதன்பின் அப்பொருள் துளியளவு பட்டாலும் இரண்டு நாள்களுக்குள் அவ்விடத்தில் அணுப்படை திரண்டுவிடும். இரத்த வகைகளைக் கண்டறிந்த லாண்ட்ஸ்டைனர், 1935-இல் கினிப்பன்றிகளிடம் இதனை ஆராய்ந்தார். அவர் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று டைநைட்ரோகுளோரோபென்சீன்.

பகை என்று நாம் அஞ்சும் இவ்வாற்றலைத் துணையாக்க முனைந்தவர் எட்மண்ட் கிளைன். அமெரிக்காவின் பஃபலோ நகரில், 1960-களில், தோல் புற்றுநோயாளிகளின் நல்ல தோலில் அவ்வேதிப்பொருளைத் தடவி முதலில் ஒவ்வாமையை உண்டாக்கினார். பின்னர் அதனையே மிகக் குறைந்த அளவில் புற்றின் மீது தடவினார். வேதிப்பொருளைத் தாக்க வந்த படை, அங்கிருந்த புற்றணுக்களையும் அழித்தது. மேலோட்டமான புற்றுகள் பல மறைந்தன. ஆழ வேரூன்றியவை எளிதில் பணியவில்லை. தோல் புற்றுச் சிகிச்சைக்காக 1972-இல் அவருக்கு லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. நோய் முற்றியவர் பலரது தோல் இவ்வேதிப்பொருளுக்குச் சிவக்கவே இல்லை. தோல் சிவக்காமை நல்ல அறிகுறி என்றுதானே எண்ணத் தோன்றும்? உண்மை அதற்கு மாறானது: அவர்களது எதிர்ப்பாற்றல் தளர்ந்திருந்தது. எனவே, இம்மருந்து ஒரு சோதனைக் கருவியாகவும் பயன்பட்டது.

ஆயினும், மருந்தையும் சோதிக்க வேண்டுமல்லவா? பாக்டீரியாக்களில் சோதித்தபோது, டைநைட்ரோகுளோரோபென்சீன் மரபுப்பொருளில் மாற்றம் விளைவிப்பது தெரியவந்தது. புற்றை ஆற்ற வந்த பொருளே புற்றுக்கு வழிகோலலாம் என்னும் ஐயம் எழவே, அச்சோதனையில் தேறிய டைபென்சைப்ரோன் அதன் இடத்தைப் பிடித்தது. மருவுக்கும், புழுவெட்டுக்கும், தோலில் பரவிய சிலவகைப் புற்றுக்கும் மருத்துவர்கள் அதனைத் தடவுகின்றனர்.

சொற்பொருள்
ஒவ்வாமை – உடலுக்கு ஏற்காமை
மண்டுதல் – அடர்ந்து வளர்தல்
புழுவெட்டு – திட்டுத்திட்டாக முடி உதிரும் நோய்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: வெறுங்கை, இவ்வாற்றல்.
2. தோல் சிவக்காமை எதனை உணர்த்தியது?
3. பள்ளித் துப்புரவு நாளில் வய்யாரிபாமாவைக் களையும்போது கையுறை அணிய வேண்டியது ஏன்? உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குவதுபோல் ஐந்து தொடர்கள் எழுதுக.