பந்தலில் நண்பன்

திருமணம் இருவரை இணைக்கிறது. இரு குடும்பங்களை உறவாக்குகிறது. ஊரும் உறவும் கூடி நடத்தும் இவ்விழாவில் ஒவ்வோர் உறவுக்கும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு முறைக்கும் ஓர் உரிமை உண்டு. உறவுமுறை ஏதுமின்றி, பழகிய அன்பு ஒன்றினாலேயே பந்தலுக்கு வந்து நிற்பவர் நண்பர். சிற்றூர்த் திருமணத்தில் அவருக்குரிய இடம் எது? அவ்விடம் காலந்தோறும் எவ்வாறு மாறி வந்துள்ளது? இப்பாடம் அதனை ஆராய்கிறது.

அழைப்பும் அழகும்

சிற்றூரில் உறவினரை அழைப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. அதன்பின் அத்தை வீடு, பங்காளிகள் என்று அது தொடரும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்து, கணவனும் மனைவியுமாகச் சென்று அழைக்க வேண்டும். வரிசை தவறினாலோ, ஒருவர் மட்டும் சென்று அழைத்தாலோ, மணநாள்வரை அக்குறை பேசப்படும். நண்பனை அழைப்பதற்கு இத்தகைய முறை எதுவும் இல்லை. “ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுடா” என்பதே அழைப்பு. உறவினரை முகூர்த்தத்துக்கு அழைப்பவர்கள், நண்பனை மட்டும் பந்தல் போடும்போதே அழைக்கிறார்கள். அந்த அழைப்பில் விருந்தைவிட வேலையே மிகுதி என்பதை அவனும் அறிவான்.

இரண்டு நாள் முன்னதாக வருபவன், ஊர் அழகுபெறுவதை அருகிருந்து காண்கிறான். முகூர்த்தக்கால் நட்ட இடத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் எழுகிறது. வாயிலின் இருபுறமும் குலை தள்ளிய வாழைமரங்கள் கட்டப்படுகின்றன. நுங்குக் குலையும் ஈச்சங்குலையும் தென்னம்பாளையும் தொங்கவிடப்படுகின்றன. குருத்தோலையைக் கிழித்து மடித்துத் தோரணம் பின்னுவோர் கைகள், கண் பார்க்கும் முன்னரே அடுத்த மடிப்புக்குச் சென்றுவிடுகின்றன. மாவிலை, சாணம் மெழுகிய தரை, அதன்மேல் அரிசிமாக் கோலம் என எல்லாம் அந்த ஊரின் தோப்பிலும் தொழுவத்திலும் களஞ்சியத்திலும் இருந்தவையே. விழா முடிந்ததும் வாழையும் ஓலையும் மாட்டுக்கும் எருக்குழிக்கும் போய்விடும். வாடகைக்கு எடுத்த நெகிழிப்பூ அலங்காரம் இதைவிட மினுக்கலாம். இத்தகைய செம்மை அதற்கு வாய்ப்பதில்லை.

சங்கப் பாடல் காட்டும் பந்தல்

பந்தலுக்கு இலக்கியச் சான்று மிகப் பழையது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தை முழுமையாகக் காட்சிப்படுத்துகிறார். உளுந்து சேர்த்துச் சமைத்த சோறு குவிந்திருக்கிறது. வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தலில் புதுமணல் பரப்பியிருக்கிறார்கள். விளக்கேற்றி மாலைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். திங்கள் உரோகிணியுடன் சேரும் நல்ல வேளையில், முதிய மகளிர் தலையில் நீர்க்குடம் ஏந்தி வருகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர், பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். மணம் முடிந்ததும் சுற்றத்தார் ஆரவாரத்தோடு விரைந்து வந்து அவளைத் தலைவனிடம் ஒப்படைக்கின்றனர்.

அதே நூலின் 136ஆம் பாடல் விற்றூற்று மூதெயினனார் பாடியது. இதில் விருந்தே முதலில் வருகிறது: இறைச்சியுடன் கூடிய நெய்ச்சோற்றை அளவின்றி வழங்கி, வந்த உயர்ந்தோரைப் போற்றிய பின்னரே மணச்சடங்கு தொடங்குகிறது. வாகையின் இலையும் அறுகின் அரும்பும் சேர்த்துக் கட்டிய வெண்ணூலை மணமகளுக்கு அணிவிக்கிறார்கள். இரு பாடல்களிலும் வேள்வித் தீ இல்லை. மந்திரம் ஓதுவோரும் இல்லை. தீவலம் வரும் திருமணத்தைச் சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் காண்கிறோம். அது புகார் நகரத்துப் பெருவணிகர் வீட்டுத் திருமணம். யானைமேல் மகளிரை ஏற்றி மாநகர்க்கு அறிவித்த திருமணம்.

அகநானூற்றுப் பாடல்களில் முதிய மகளிர்க்கு ஒரு பணி, தாய்மார்க்கு ஒரு பணி, சுற்றத்தார்க்கு ஒரு பணி என்று பந்தலில் வேலை பகுக்கப்பட்டிருக்கிறது. தோழமைக்கு அவ்வாறு ஒதுக்கிய பணி இல்லை. எனினும் ஒரு நயம் இருக்கிறது. 86ஆம் பாடல், வாயில் மறுத்த தோழியிடம் தலைவன் தன் மணநாளை நினைவுகூர்வதாக அமைந்தது. அந்த நாளின் பந்தலையும் விளக்கையும் இல்வாழ்வின் இனிமையையும் எடுத்துரைக்க அவனுக்குக் கிடைத்த செவி, தோழியின் செவிதான்.

தோழன் என்னும் பெயர்

இன்றும் மணமேடையில் ‘மாப்பிள்ளைத் தோழன்’ என்று ஒருவர் மணமகன் அருகில் இருக்கிறார். பெயரைக் கேட்டால் மணமகனின் நண்பர் என்றே தோன்றும். ஆனால், தமிழகத்தின் பல பகுதிகளில் அந்த இடத்தில் இருப்பவர் மணமகளின் உடன்பிறந்தவர். மைத்துனர் என்ற முறையில் அவருக்கு மோதிரமும் அணிவிக்கப்படும். அதுபோலவே, மணமகளுக்குத் துணையாக நிற்பவள் பெரும்பாலும் மணமகனின் உடன்பிறந்தாள். தாலியின் மூன்றாம் முடிச்சு அவளது உரிமை. மாலையும் பட்டும் சீர்வரிசையும் தாய்மாமனின் உரிமை. கொங்கு நாட்டில் அருமைக்காரர் என்னும் பெரியவர் முன்னின்று மணவினை நடத்துவார். மணமகனும் அவன் உடன்பிறந்தாளும் பங்கேற்கும் இணைச்சீர் அங்கு தனிச்சிறப்புடையது.

ஆகவே, ‘தோழன்’ என்ற சொல் மேடையில் இருக்கிறது; தோழன் மேடையில் இல்லை. உறவுகள் தத்தம் உரிமைகளோடு மேடையைச் சூழ்ந்து நிற்க, கெட்டிமேளம் முழங்கும் நொடியில் மணமகனின் உயிர்நண்பன் எங்கே இருக்கிறான் என்று தேடினால், பந்தலின் பின்புறம் கோட்டை அடுப்பருகே அவனைக் காணலாம். நாதசுரத்தின் ஒலி மாறியதைக் கேட்டு ஓடிவந்து, கையில் எஞ்சிய நான்கு அட்சதை மணிகளைத் தொலைவிலிருந்தே தூவிவிட்டு, முதல் பந்திக்கு இலை போடத் திரும்பிவிடுவான்.

பந்தி என்னும் பொறுப்பு

பந்தி பரிமாறுதல் எளிய வேலையன்று. நுனி இலையை, நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்குமாறு விரிக்க வேண்டும். உப்பு, ஊறுகாய், இனிப்பு, கறிவகை ஆகியவற்றுக்கு இலையில் தனித்தனி இடம் உண்டு. சோறு வந்தவுடன் பருப்பும் நெய்யும் வர வேண்டும். குழம்பு தாமதித்தால் சோறு காயும். இரசம் முந்தினால் குழம்பு வீணாகும். பல்லுக்கு இதமாகக் குழைந்த சோறு கேட்கும் முதியவர், இனிப்பை ஒதுக்கும் நோயாளி, ‘போதும்’ என்று கையால் மறைத்துக்கொண்டு கண்ணால் கேட்கும் சிறுவன் ஆகியோரைப் பரிமாறுபவன் குனிந்த நிலையிலேயே அறிந்துகொள்ள வேண்டும். ‘பரிமாறுதல்’ என்னும் சொல்லுக்கு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு.

பரிமாறுகிறவன் விருந்தினன் அல்லன். அவன் விருந்து அளிப்பவன். ஒரு வீட்டுத் திருமணத்தில் குழம்புவாளியைத் தூக்கும் உரிமை அந்த வீட்டுப் பிள்ளைக்கு உரியது. நண்பன் அதைத் தூக்கும்போது, யாரும் அறிவிக்காமலேயே, அவன் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறான். மேடை தராத இடத்தைப் பந்தி தருகிறது.

ஆனால், பந்தி எல்லார்க்கும் எப்போதும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பறை முழக்கியவர்களும், மணமக்கள் நடந்துவரத் துணி விரித்தவர்களும், பந்தலுக்கு உழைத்த பண்ணையாட்களும் அதே பந்தலில் அமர்ந்து உண்ண முடியாத காலம் இருந்தது. பலர் இறுதியில் தனியே உண்டனர். பலர் பாத்திரத்தில் வாங்கிச் சென்றனர். யார் யாரோடு அமர்ந்து உண்பது, யார் கையால் பரிமாறியதை யார் உண்பது என்பதில் சாதியின் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது. இந்நிலையில், ஒரே பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்த பிற சாதி நண்பன் திருமணத்துக்கு வந்தால் எங்கே அமர்வான்? அவனது கையில் வாளியைக் கொடுப்பது யார்? உறவினருக்கு இக்கேள்வி எழுவதே இல்லை. நண்பன் ஒருவன்தான் இக்கேள்வியைப் பந்தலுக்குள் கொண்டுவருகிறான். அவன் வாய்திறந்து கேட்பதில்லை, வந்து நிற்பதே கேள்வியாகிறது. சில ஊர்களில் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கிடைக்காத ஊர்களும் உண்டு.

சட்டம் தந்த இடம்

இவ்வினாவைப் பொதுவெளியில் உரக்க எழுப்பியது சுயமரியாதை இயக்கம். 1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டை அருகிலுள்ள சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில், பெரியார் தலைமையில் புரோகிதரும் சடங்கும் இல்லாத திருமணம் நடைபெற்றது. அதன்பின் இம்முறை பரவியது. அத்தகைய திருமணங்களில் வேள்வித் தீ சாட்சியாக இல்லை. கூடியிருந்த மனிதர்களே சாட்சி. ஆயினும், இத்திருமணங்கள் சட்டப்படி செல்லுமா என்ற ஐயம் நீதிமன்றம் வரை சென்றது. செல்லாது என்ற தீர்ப்பும் வந்தது. மணமக்களின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை உண்டா என்பதே அதனால் கேள்விக்குள்ளாயிற்று.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டளவில் ஒரு திருத்தம் நிறைவேற்றப்பட்டது. 7-அ என்னும் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. மணமக்கள் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக அறிவித்தோ, மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ மணம் புரிந்துகொண்டால் அது செல்லும். அதற்கு முன்பு அம்முறையில் நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தும். இத்திருமணம் யார் முன்னிலையில் நடைபெற வேண்டும் என்று கூறுமிடத்தில், அப்பிரிவு உறவினரை அடுத்து நண்பரைக் குறிப்பிடுகிறது, பிறரையும் சேர்த்துக்கொள்கிறது. மாமனுக்கும் மைத்துனனுக்கும் நாத்தனாருக்கும் வழக்கம் வகுத்த இடங்களுக்கு நடுவே இடமின்றி நின்ற நண்பனுக்குச் சட்டநூல் ஒரு சொல்லளவு இடம் வகுத்தது.

மொய்யேட்டில் ஒரு பெயர்

மணமேடையிலிருந்து இறங்கி வந்தால், பந்தலின் வாயிலருகே மேசையிட்டு இருவர் அமர்ந்திருப்பர். ஒருவர் பணத்தை எண்ணித் தாம்பாளத்தில் இடுவார். மற்றொருவர் ஊரையும் பெயரையும் தொகையையும் மொய்யேட்டில் எழுதுவார். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று தொகை ஒன்றில் முடியும். மொய் அன்பளிப்பு மட்டுமன்று. திரும்பச் செய்ய வேண்டிய கடனும் ஆகும். திருமணச் செலவில் ஒரு குடும்பம் அமிழ்ந்துவிடாமல் ஊரே கைகொடுத்துத் தூக்கும் வட்டியில்லா ஏற்பாடு அது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் இது ‘மொய் விருந்து’ என்னும் தனி விழாவாகவே வளர்ந்துள்ளது. பெரும்பாலும் ஆடி மாதத்தில் நடைபெறும் அவ்விருந்துக்குத் திருமணமோ வேறு காரணமோ தேவையில்லை.

நண்பனின் பெயர் அவ்வேட்டில் பல நேரங்களில் இருப்பதில்லை. அவன் கொடுத்தது கணக்கில் ஏறாத வகையைச் சார்ந்தது: இரண்டு நாள் இரவு விழிப்பு, காய்கறிச் சந்தைக்குச் சென்றுவந்த அலைச்சல், மழைக்குப் பந்தலின்மேல் ஏறிக் கீற்று மாற்றியது. அண்மைக் காலத்தில் வேறோர் இடத்தில் அவன் பெயர் தென்படுகிறது. ஊர் எல்லையிலேயே மணமகனைக் கேலி செய்யும் வாசகத்தோடு நிற்கும் பதாகையில், நண்பர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். உறவுக்கு மேடையும் ஏடும் இருக்க, நட்பு சாலையோரத்தில் தனக்கென ஒரு பலகையை எழுப்பிக்கொண்டது என்றே கொள்ளலாம். பதாகை வைப்பவர்கள் பரிமாறவும் வருவார்களாயின் நன்று. சமையலையும் பரிமாறுதலையும் ஒப்பந்தக்காரர் ஏற்றுக்கொண்ட மண்டபங்களில் நண்பனும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும் விருந்தினனாகிவிட்டான்.

வீட்டுவாயிலிலேயே பந்தலிட்டு நடக்கும் திருமணங்களில் மட்டும் கடைசிப் பந்தி இன்னும் இருக்கிறது. உறவினரெல்லாம் தாம்பூலம் பெற்றுச் சென்ற பிறகு, வெயில் சாயும் வேளையில் அது நடைபெறும். சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் பந்தல் கட்டியவர்களும் ஒரே வரிசையில் அமர்வார்கள். அப்பளம் நொறுங்கியிருக்கும், சாம்பார் அடியில் கெட்டிப்பட்டிருக்கும், பாயசம் அநேகமாகத் தீர்ந்திருக்கும். காலைமுதல் வந்தவர்களை வரவேற்றுக் கைகூப்பியே களைத்த மணமகனின் தந்தை, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சோற்றுத் தட்டைத் தாமே எடுத்துவருவார்.