இரட்டைத் தட்டுகள்

பழுதாகிப்போன வன்தட்டு ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டும், அதன்மேல் நீண்டிருக்கும் சிறு கையும் இருக்கும். (நல்ல வன்தட்டைத் திறந்துவிடாதீர்கள், ஒரு தூசியே அதற்கு எமன்.) பல கணிப்பொறிகளில் இத்தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கிறது. கையின் நுனியிலுள்ள காந்தத் தலை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர்! தலை தட்டில் உரசினால் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டு, அங்கிருந்த தகவல் அழியும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே தகவலை ஒரே சமயத்தில் இரு தட்டுகளில் எழுதிவிடுவது. இதை 'மிரரிங்' என்பர். 1988-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையில் இது 'ரெய்டு' முறையின் முதற்படியாக இடம்பெற்றது. விலைமிகுந்த பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான சிறு தட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம்.

தட்டுகள் பெருகினால் பழுதும் பெருகுமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஓராண்டில் ஒரு தட்டு பழுதாகும் வாய்ப்பு 50-இல் 1 என்று கொள்வோம். இரண்டு இருந்தால், ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பு ஏறத்தாழ 25-இல் 1. ஆனால் பழுதான தட்டை ஒரே நாளில் மாற்றிவிட்டால், அந்த நாளுக்குள் மற்றதும் கெட்டால்தான் தகவல் போகும். அதன் வாய்ப்பு 50 × 365, அதாவது 18,250-இல் 1. இரண்டையும் பெருக்கினால் 4,56,250-இல் 1! (மாற்ற ஒரு வாரம் ஆனால்? நீங்களே கணக்கிடுங்கள்.)

இக்கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. தட்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டு பெருக்கினோம். ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில், ஒரே மின்னிணைப்பில் இயங்குபவை அப்படியல்ல. மின்னல் தாக்கினால் இரண்டும் சேர்ந்தே போகலாம்.

அதைவிடப் பெரிய குறை வேறு. 1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, தவறாகக் கொடுக்கப்பட்ட அழிப்புக் கட்டளை ஒன்றால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி மறைந்தது. இங்கே இரட்டைத் தட்டு என்ன செய்யும்? இரண்டிலும் ஒழுங்காக அழிக்கும்! காப்பு நகலாக எடுத்துவைத்ததும் சரியாக இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்துவந்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் கணிப்பொறியில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். அந்த நகல் சற்றுப் பழையது. உடனுக்குடன் மாறாமல் வேறோர் இடத்தில் இருந்ததால்தான் அழிப்புக் கட்டளை அதை எட்டவில்லை.